பாலேயை உதறிட்டுத்தான் மாடர்ன் டான்ஸ் பிறந்துச்சா?

பிப்ரவரி 2, மாலை – வாசகர் கேட்டது

பாலேங்கறது பிரெஞ்சு ராஜா சபைல பிறந்து அப்படியே முந்நூறு வருஷம் உறைஞ்சு போன கலை. அமெரிக்க நடனக்காரி இசடோரா டங்கன் ஷூவைக் கழட்டி எறிஞ்சப்பதான் நடனத்துக்கு உயிர் வந்துச்சு. மாடர்ன் டான்ஸும் பாலேயும் ஜென்ம எதிரிங்க, ரெண்டுக்கும் பொதுவா எதுவுமே கிடையாது. சரிதானே?

பிப்ரவரி 2, இரவு 9:50

சரியில்ல. முதல்ல அந்த "உறைஞ்சு போன" வார்த்தையையே ஒத்துக்க மாட்டேன்.

பதினாலாம் லூயி 1653-ல சூரியனா வேஷம் கட்டி ஆடினப்ப அவருக்கு வயசு 14. 1661-ல நடனத்துக்குன்னு ஒரு அகாடமி ஆரம்பிச்சாரு. இன்னைக்கும் பாலே கிளாஸ்ல முதல் நாள் சொல்லித் தர்ற அஞ்சு கால் நிலைகளை வகுத்தது அவரோட ஆசான் பொஷான். இதுவரைக்கும் நீங்க சொல்றது சரி. ஆனா அந்த பாலேயை இன்னைக்கு நேர்ல பார்த்தீங்கன்னா பாலேன்னே சொல்ல மாட்டீங்க. ஹீல்ஸ் வச்ச ஷூ, முகமூடி, விக்கு, கனமான உடுப்பு. பாரிஸ் ஆபரா மேடைல தொழில்முறைப் பெண்கள் ஆட ஆரம்பிச்சதே 1681-லதான், அதுக்கு முன்னாடி பொம்பளை வேஷமும் ஆம்பளைங்கதான் கட்டினாங்க.

அப்புறம் மரி கமார்கோன்னு ஒருத்தங்க வர்றாங்க, கால் வேலை தெரியணும்னு பாவாடையைக் கொஞ்சம் உசத்தினாங்க, அதுக்கே ஊர்ல பேச்சு. அவங்களுக்குப் போட்டியா இருந்த மரி சாலே இன்னும் ஒரு படி மேல போனாங்க, 1734-ல லண்டன்ல பிக்மேலியன் கதையை ஆடும்போது வளையம் வச்ச பாவாடை வேண்டாம், விக் வேண்டாம்னு எல்லாத்தையும் விட்டுட்டு முடியை விரிச்சுப் போட்டு மெல்லிசா ஒரு மஸ்லின் துணியோட மேடைக்கு வந்தாங்க. டங்கன் கிரேக்க உடுப்புல ஆடினதுக்கு 160 வருஷத்துக்கும் மேல முன்னாடி. 1760-ல நோவேர்னு ஒரு பாலே ஆசான் புத்தகமே எழுதி முகமூடியைத் தூக்கி எறியுங்கடான்னாரு. இவங்க எல்லாருமே பாலேக்காரங்க, உள்ள இருந்துக்கிட்டே சண்டை போட்டவங்க.

பிப்ரவரி 3, காலை 7:15

விட்டுப் போன ஒண்ணு. கால் விரல் நுனில நிக்கிற பாயிண்ட் ஷூவைத்தான் எல்லாரும் பாலேயோட ஆதி அடையாளம்னு நினைக்கிறாங்க. மரி டாலியோனி 1832-ல லா சில்ஃபீட் ஆடினப்பதான் அது ஒரு கலையாவே ஆச்சு. அப்பவும் இன்னைக்கு இருக்கிற மாதிரி கெட்டியான ஷூ இல்ல. சாதாரண சாட்டின் செருப்பு, முனையில நூல் வச்சு இழை ஓட்டித் தைச்சது, அவ்வளவுதான் தாங்கல். மிச்சமெல்லாம் அவங்க பாதமும் கணுக்காலும், அப்பாகிட்ட மணிக்கணக்கா வாங்கின பயிற்சியும்.

பாரிஸ்ல நான் ஆறு வருஷம் இருந்தேன். மோன்மார்த்ர கல்லறைத் தோட்டத்துல டாலியோனி கல்லறை மேல சின்னப் பொண்ணுங்க தங்களோட பழைய பாயிண்ட் ஷூவை வச்சுட்டுப் போவாங்க. மழைல நனைஞ்சு பாசி பிடிச்சுக் கிடக்கும். முதல் தடவை பார்த்தப்ப, சலங்கையை சாமி படத்து முன்னாடி வச்சுக் கும்பிட்டுட்டு எடுத்துக் கட்டினது ஞாபகம் வந்துடுச்சு, அங்கயே ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

பிப்ரவரி 3, இரவு 11:20

அதே தோட்டத்துல எம்மா லிவ்ரியும் இருக்காங்க. அவங்களைப் பத்தி எழுதாம தூங்க முடியல.

டாலியோனியோட சிஷ்யை. டாலியோனி வாழ்க்கைல அமைச்ச ஒரே முழு பாலே இந்தப் பொண்ணுக்காகத்தான், 1860-ல, பேரு லெ பப்பியோன், பட்டாம்பூச்சின்னு அர்த்தம். இசை ஒஃபென்பாக். அதுல பட்டாம்பூச்சியா மாறின பொண்ணு தீவட்டி வெளிச்சத்தை நோக்கிப் போய் சிறகு கருகி விழுவா. ரெண்டே வருஷம் கழிச்சு, 1862 நவம்பர்ல, வேற ஒரு ஆபராவோட ஒத்திகைல லிவ்ரியோட பாவாடை கேஸ் விளக்குல பட்டுத் தீப்பிடிச்சுச்சு. எட்டு மாசம் கிடந்து 1863 ஜூலைல போய்ச் சேர்ந்தாங்க. வயசு 20.

அந்தக் காலத்துல துணி தீப்பிடிக்காம இருக்க ஒரு ரசாயனத்துல முக்கி எடுப்பாங்க. அப்படிச் செஞ்சா வலைத்துணி விறைச்சுப் போகும், வெளுப்பும் மங்கிடும். லிவ்ரி வேண்டாம்னுட்டாங்க. காத்துல மிதக்கிற மாதிரி தெரியணும், அதுக்காக உயிரையே பணயம் வச்சிருக்காங்க. பாலே இயற்கைக்கு விரோதமானதுன்னு டங்கன் சொன்னதுல எனக்கு நூத்துக்கு நூறு சம்மதம் இல்லன்னாலும், இந்தக் கதையை நினைச்சா அவங்க கோபம் எங்கிருந்து வந்துச்சுன்னு புரியுது. எடை இருக்கிற ஒரு மனுஷியை எடை இல்லாதவளா காட்டுறதுக்கு அந்த 19-ஆம் நூற்றாண்டு என்ன விலையும் கொடுக்கத் தயாரா இருந்துச்சு.

பிப்ரவரி 5, மதியம்

எடைன்னு எழுதினதுல இருந்து அதே யோசனையா இருக்கு. என் அனுபவத்தைச் சொல்றேன்.

கும்பகோணத்துல ஒன்பது வருஷம் பரதநாட்டியம். தட்டடவுல இருந்து ஆரம்பம். வாத்தியார் தட்டுக்கழியை மனைல தட்டிக்கிட்டே இருப்பாரு, கண்ணைத் தூக்கியே பார்க்க மாட்டாரு, ஆனா யாரோட கால் சரியா விழலன்னு சத்தத்தை வச்சே சொல்லிடுவாரு. "ஏம்மா, தரைக்கு வலிக்கும்னு பார்க்கறியா"ன்னு கேட்பாரு. உள்ளங்கால் முழுசும் தரைல பட்டு பளீர்னு கேட்கணும்.

பாரிஸ்ல முப்பத்தாறு வயசுல பெரியவங்களுக்கான ஆரம்ப பாலே கிளாஸ்ல சேர்ந்தேன். ப்ளியேன்னு முட்டி மடக்கற பாடம் வந்தப்ப ஒரே சந்தோஷம், அரைமண்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி, முட்டி ரெண்டும் வெளிப்பக்கம், முதுகு நேரா. இது நமக்கு வரும்னு நினைச்சேன். குதிக்கிற பாடம் வந்ததும் டீச்சர் என்னை மட்டும் நிறுத்திட்டாங்க. விரல் நுனி, முன்பாதம், அப்புறம் குதிகால்னு உருட்டி இறங்கணும், சத்தமே வரக்கூடாது. என் காலுக்கு அது புரியவே இல்ல. மூணு மாசம் குதிச்சேன், ஒவ்வொரு தடவையும் மரத்தரை அதிர்ந்துச்சு. ஒரு கலைல எதுக்குக் கைதட்டு வாங்கினேனோ அதுவே இன்னொரு கலைல பிழை. வீட்டுக்கு வந்து அழுதிருக்கேன்.

புத்தகத்துல படிச்ச எல்லாத்தையும் விட இந்த மூணு மாசம்தான் எனக்கு பாலேயைக் கத்துக் கொடுத்துச்சு. மேல நோக்கிப் போகணும்னு அந்த உடம்புக்கு ஒரே ஒரு ஆசை. மாடர்ன் டான்ஸோட ஆசை கீழ நோக்கி. விழறது, உருளறது, மூச்சு விடறப்ப உடம்பு தளர்றது, அதெல்லாம் மறைக்க வேண்டிய விஷயம் இல்லன்னு அது சொல்லுச்சு. உங்க கேள்விக்கு என் பதில் இங்கதான் இருக்குன்னு தோணுது. வெறுங்கால் வெளில தெரியற அடையாளம் மட்டும்தான்.

பிப்ரவரி 6, இரவு 10:05

அப்போ எடையைக் காட்டுறது மாடர்ன் டான்ஸ், மறைக்கிறது பாலேன்னு பிரிச்சுட்டா முடிஞ்சுதேன்னு கேட்பீங்க. 1913 மே 29 அந்தப் பிரிவுல அடங்காது.

பாரிஸ், ஷான்ஸ் எலிசே தியேட்டர். தியாகிலெவ் நடத்தின ரஷ்ய பாலே கம்பெனி. அன்னைக்கு முதல் ஐட்டம் லெ சில்ஃபீட் (டாலியோனி ஆடின லா சில்ஃபீட் வேற, இது வேற), வெள்ளை வலைத்துணி, ஷோப்பான் இசை, நிலா வெளிச்சத்துல மிதக்கிற பொண்ணுங்க. சபை சுகமா உட்கார்ந்திருக்கு. அடுத்தது வசந்தத்தின் சடங்கு. ஸ்ட்ராவின்ஸ்கி இசை, நடனம் நிஜின்ஸ்கி, அப்ப அவருக்கு 24 வயசு. திரை தூக்கினா பாதத்தை உள்பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு, முதுகு வளைஞ்சு, கூட்டமா தரையை மிதிச்சுக் குதிக்கிறாங்க. இருநூறு வருஷமா வெளிப்பக்கம் திருப்பித் திருப்பிப் பழக்கின கால்களை அதே கம்பெனில உள்பக்கம் திருப்ப வச்சுட்டாரு மனுஷன். கேலி, விசில், கூச்சல், ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு. தியாகிலெவ் விளக்கை அணைச்சு அணைச்சுப் போட்டுப் பார்த்தாரு. கண்டக்டர் மோந்த்தோ மட்டும் அசராம கடைசி வரைக்கும் வாசிக்க வச்சாரு.

இரைச்சல்ல ஆடறவங்களுக்கு இசை கேட்கல. நிஜின்ஸ்கி பக்கத் திரைக்குப் பின்னாடி நாற்காலி மேல ஏறி நின்னு எண்ணிக்கையைக் கத்தினாரு. ரஷ்ய மொழில பத்துக்கு மேல எண்ணெல்லாம் நீளம், தாளத்துக்குள்ள சொல்லி முடிக்கவே முடியலன்னு ஸ்ட்ராவின்ஸ்கி பின்னாடி சொல்லியிருக்காரு. இதைப் படிச்சப்ப எங்க வாத்தியார் ஞாபகம்தான். பதினேழுன்னு நாமளும் தாளத்துக்குள்ள சொல்ல முடியாது, அதனாலதானே தகதிமி, தகதகிட, தாங்கிடதத்தீன்னு அளவுக்கு ஏத்த சொல்லைப் பிடிச்சு வச்சிருக்கோம். நிஜின்ஸ்கி கைல ஒரு சொற்கட்டு இருந்திருந்தா அந்த ராத்திரி எப்படிப் போயிருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

வெறும் எட்டு ஒன்பது தடவைதான் அது மேடையேறுச்சு, பாரிஸ் லண்டன் ரெண்டும் சேர்த்து. அதே வருஷம் நிஜின்ஸ்கி கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, தியாகிலெவ் அவரை வேலையை விட்டு அனுப்பிட்டாரு, நடனம் காணாமப் போச்சு.

பிப்ரவரி 7, காலை 6:40

திருத்தம். டாலியோனி கல்லறைன்னு 3-ஆம் தேதி எழுதினது தப்பு. பழைய போட்டோவை எல்லாம் எடுத்துப் பார்த்துச் சரிபார்த்தேன். மோன்மார்த்ரல இருக்கிறது அவங்க அம்மா சோஃபியோட கல்லறை. மரி டாலியோனி இருக்கிறது பெர் லாஷேஸ்ல. பொண்ணுங்க காலங்காலமா அம்மா கல்லறை மேலதான் ஷூ வச்சுட்டுப் போயிருக்காங்க. ஆறு வருஷம் நானும் அங்க போய்தான் கும்பிட்டிருக்கேன். தெரிஞ்ச பிறகும் அந்த இடம் மேல இருக்கிற பிரியம் எனக்குக் குறையல, அம்மாக்காரிக்கும் சேர வேண்டியதுதானே அது.

லிவ்ரி மோன்மார்த்ரதான், அதுல சந்தேகமில்ல. நிஜின்ஸ்கியும் அங்கதான், பெத்ருஷ்கா பொம்மை வேஷத்துல சோகமா உட்கார்ந்திருக்கிற சிலையோட.

பிப்ரவரி 7, இரவு

வாசகர் திரும்பக் கேட்டிருக்காரு: "நிஜின்ஸ்கிக்கு அந்த தைரியம் வந்ததே டங்கனைப் பார்த்த ரஷ்யாக்காரங்களாலதானே? அப்போ வெளில இருந்து வந்த கலகம்தானே பாலேயை மாத்துச்சு?"

நியாயமான கேள்வி, பாதி ஒத்துக்கறேன். டங்கன் 1904 கடைசில பீட்டர்ஸ்பர்க்ல ஆடினாங்க, தியாகிலெவ், அங்க பாலே அமைக்கிற ஃபோகின் எல்லாரும் பார்த்தாங்க. எவ்வளவு பாதிப்புன்னு ஃபோகினே ஒவ்வொரு காலத்துல ஒவ்வொரு மாதிரி சொல்லியிருக்காரு. ஆனா 1907-ல யூனிஸ்னு பண்டைக் காலக் கதையை ஃபோகின் அமைச்சப்ப வெறுங்காலோட ஆட வைக்கணும்னு ஆசைப்பட்டாரு. அரச தியேட்டர்ல வெறுங்காலுக்கு அனுமதி கிடையாது. என்ன பண்ணாரு தெரியுமா, காலை மூடியிருக்கிற டைட்ஸ் மேல கால் விரலையும் நகத்தையும் பெயிண்ட்ல வரைஞ்சுட்டாரு. எனக்கு இந்த மொத்த வரலாற்றுலயே பிடிச்ச காட்சி இதுதான். ஒரு கலை வெளில வரத் துடிக்கறதும், சட்டம் பிடிச்சு வைக்கறதும் ஒரே துணில தெரியுது.

பிப்ரவரி 9, பிற்பகல் 3:30

ரெண்டு நாளா மனசு மாறிக்கிட்டே இருக்கு. எடைதான் வித்தியாசம்னு 5-ஆம் தேதி எழுதினேன், 6-ஆம் தேதி நானே அதை உடைச்சேன். இப்ப வேற ஒண்ணு தெரியுது, இதுதான் முக்கியம்னு நம்பறேன்.

யார் ஆடினாங்கன்னு விட்டுட்டு யார் அமைச்சாங்கன்னு பாருங்க. பாலேல மேடை முழுக்கப் பெண்கள், ஆனா நடனத்தை அமைச்சது பெட்டிபா, இவானோவ், ஃபோகின், நிஜின்ஸ்கி, பின்னாடி பாலன்சின். எந்தப் பொண்ணு எந்த ரோல் ஆடணும்னு முடிவு பண்ணதும் ஆண்கள். மாடர்ன் டான்ஸ் பக்கம் பாருங்க. 1892-ல பாரிஸ்ல பட்டுத்துணியையும் மின் விளக்கையும் வச்சு தானே ஒரு நடனத்தை உண்டாக்கின லூயி ஃபுல்லர். டங்கன். ரூத் செயிண்ட் டெனிஸ். ஜெர்மனில மரி விக்மன். மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி. தன் உடம்புல என்ன நடக்கணும்னு தானே முடிவு பண்ண பெண்கள். கிரஹாம் 1926-ல கம்பெனி ஆரம்பிச்சு, 1938-ல எரிக் ஹாக்கின்ஸ் வர்ற வரைக்கும் அதுல பெண்கள் மட்டும்தான்.

விதிவிலக்கு உண்டு, மறைக்கல. டாலியோனி அமைச்ச பட்டாம்பூச்சியை மேலயே சொன்னேன். நிஜின்ஸ்கியோட தங்கச்சி நிஜின்ஸ்கா 1923-ல அமைச்ச லெ நோஸ், அதுல கல்யாணப் பொண்ணோட நீளச் சடையைத் தோழிங்க கயிறு மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்கிற காட்சி ஒண்ணு போதும். ஆனா இவங்க ஒண்ணு ரெண்டு பேரு. மாடர்ன் டான்ஸ்ல பெண்கள் அமைக்கிறதே வழக்கம். அதனால, ஆமா, ஒரு பெரிய முறிவு நடந்துச்சு. நீங்க சொன்ன இடத்துல இல்ல, அவ்வளவுதான்.

பிப்ரவரி 10, இரவு 12:10

ரூத் செயிண்ட் டெனிஸ் பேரை எழுதிட்டு அவங்களை முழுசா கொண்டாட எனக்கு மனசு வரல. காரணம் இருக்கு.

1904-ல ஒரு சிகரெட் விளம்பரப் போஸ்டர்ல எகிப்து தேவதை படத்தைப் பார்த்துத்தான் அவங்களுக்குக் கிழக்கத்தி நடனம்னு ஒரு வெறி வந்துச்சு. 1906-ல ராதான்னு ஒரு நடனம், கோயில்ல சிலையா இருக்கிற தெய்வம் உயிர் பெற்று அஞ்சு புலனையும் ஆடுது, இசை ஒரு பிரெஞ்சு ஆபராவுல இருந்து. இந்தியாவை அப்ப அவங்க பார்த்ததே இல்ல. இருபது வருஷம் கழிச்சுதான் கம்பெனியோட இங்க சுற்றுப்பயணம் வந்தாங்க. அமெரிக்க மாடர்ன் டான்ஸோட தாய்னு சொல்றவங்க அவங்க, 1915-ல லாஸ் ஏஞ்சலஸ்ல டெட் ஷானோட ஆரம்பிச்ச டெனிஷான் பள்ளிலதான் கிரஹாமும் ஹம்ஃப்ரியும் படிச்சாங்க. தன் உடம்புக்கு சுதந்திரம் தேடறப்ப நம்ம கோயில் பொண்ணுங்களோட உடுப்பை மாட்டிக்கிட்டாங்க, அந்தப் பொண்ணுங்க அப்ப எப்படி வாழ்ந்தாங்கன்னு யாரும் கேட்கல.

பாலேயும் இதுல சுத்தம் கிடையாது. தேவதாசி கதாபாத்திரத்தை 1830-லயே டாலியோனி பாரிஸ்ல ஆடிட்டாங்க, 1877-ல பெட்டிபாவோட லா பயதேர் வேற, பயதேர்னா பிரெஞ்சுல தேவதாசி. நடுவுல நிஜமானவங்களே அங்க போயிருக்காங்க! 1838-ல, கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகள் சில பேர், கூட வாத்தியக்காரங்க, தர்தீவெல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் போட்டுக் கூட்டிட்டுப் போனாரு. பாரிஸ்ல வேரியத்தே தியேட்டர், அப்புறம் லண்டன்ல அடெல்ஃபி. அவங்கள்ல அம்மணின்னு ஒரு பொண்ணை எழுத்தாளர் கோத்தியே புகழ்ந்து எழுதினாரு, மூணு வருஷம் கழிச்சு ஜிசெல் பாலேக்குக் கதை எழுதினதும் இதே ஆளு. பார்னு ஒரு சிற்பி டாலியோனிக்குச் சின்னதா ஒரு வெண்கலச் சிலை பண்ணியிருந்தாரு, அவரே அம்மணிக்கும் ஒண்ணு பண்ணாரு. சபைல நிறைய பேருக்கு டாலியோனியோட பயதேர்தான் மனசுல, நிஜ தேவதாசி அந்த மாதிரி இல்லையேன்னு பார்த்தாங்க.

அம்மணி கால் தட்டினது அந்த மேடைல எப்படிக் கேட்டிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. சத்தமே இல்லாம இறங்கறதுதான் அழகுன்னு அந்த ஊர் முடிவு பண்ணி ஆறே வருஷம் ஆகியிருந்த நேரம்.

பிப்ரவரி 10, காலை 8:00

அம்மணி கதைக்கு இன்னொரு முனை இருக்கு, சுருக்கமா. ருக்மிணி தேவி முதல்ல பாலேதான் கத்துக்கிட்டாங்க, ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா கம்பெனில இருந்த கிளியோ நோர்டிகிட்ட. உன் நாட்டுக் கலையைத் தேடுன்னு சொன்னது பாவ்லோவா. 1935-ல அடையாறுல பரதநாட்டிய அரங்கேற்றம், 1936-ல கலாக்ஷேத்ரா. அதுக்கு நூறு வருஷம் முன்னாடி பாரிஸ் வரைக்கும் அதைக் கொண்டு போன தேவதாசிகளோட வம்சம் அதே காலத்துல மேடையை விட்டு ஒதுக்கப்பட்டுச்சு. நான் கத்துக்கிட்டதும் அந்த மாற்றத்துக்கு அப்புறம் வந்த நடனம்தான், அது எப்பவும் நெஞ்சுல உறுத்தும்.

பிப்ரவரி 13, இரவு 9:15

"ஜென்ம எதிரி"க்கு வர்றேன், அதுக்கு பதில் சொல்லாமலே விட்டுட்டேன்.

1930-ல வசந்தத்தின் சடங்கு அமெரிக்காவுல முதல் தடவை மேடையேறுச்சு, பிலடெல்ஃபியால, மாசின் அமைச்சது. பலி கொடுக்கப்படற பொண்ணா ஆடினது யாரு? மார்த்தா கிரஹாம். 1984-ல, தொண்ணூறு வயசை நெருங்கறப்ப, அவங்களே அதைத் தன் பாணில அமைச்சாங்க. 1957-ல பெர்லின்ல விக்மனும் அமைச்சாங்க. 1959-ல கிரஹாமும் பாலன்சினும் எபிசோட்ஸ்னு ஒரே நிகழ்ச்சியை ஆளுக்குப் பாதியா அமைச்சாங்க, ரெண்டு கம்பெனி ஆட்களும் கலந்து ஆடினாங்க.

அப்புறம் 1975, ஜெர்மனில வுப்பர்டால் ஊர், நடனம் அமைச்சது பீனா பவுஷ். அதே சடங்கு. மேடை முழுக்க மண்ணைக் கொட்டிட்டாங்க, நிஜ மண்ணு. ஆட ஆட கால்ல ஒட்டும், வேர்வைல ஒட்டும், மெல்லிசான உடுப்பெல்லாம் அழுக்காகும், மூச்சு வாங்கறது கடைசி வரிசைக்குக் கேட்கும். இதை நான் நேர்ல பார்த்திருக்கேன். இடைவேளைல மேடையாட்கள் வந்து மண்ணைக் கொட்டிப் பரப்பினாங்க, நான் வெளில காபி குடிக்கக்கூடப் போகல. பவுஷ் படிச்சது ஜெர்மனில கூர்ட் யூஸ்கிட்ட, அப்புறம் நியூயார்க்ல, அங்க அவங்க ஆசிரியர்கள்ல ஆன்டனி டியூடர்னு பாலே அமைக்கிறவரும் ஒருத்தர். அமெரிக்க மாடர்ன் டான்ஸ்காரர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் பாலன்சினோட பள்ளிக்குப் போனவர்தான். பாலேல தேறின முதுகெலும்பு இல்லாம அந்த மண்ணுல அப்படி விழுந்து எழுந்திருக்க முடியாதுன்னு எனக்குப் பட்டுச்சு.

பிப்ரவரி 14, காலை

எதுல இருந்து பார்க்க ஆரம்பிக்கணும்னு கேட்டிருக்கீங்க.

நிஜின்ஸ்கியோட நடனம் காணாமப் போச்சுன்னு எழுதினேன் இல்லையா, அதை மில்லிசன்ட் ஹாட்சன்கிறவங்க வருஷக்கணக்கா தேடினாங்க. ஒத்திகைல கூட இருந்த மரி ராம்பெர்ட் இசைப் பிரதில எழுதி வச்ச குறிப்பு, வாலன்டைன் குரோஸ் வரைஞ்ச கோட்டோவியங்கள், மிஞ்சின உடுப்புகள், எல்லாத்தையும் கோர்த்து 1987-ல ஜாஃப்ரி பாலே கம்பெனி மேடையேத்துச்சு. எல்லா அசைவும் அப்படியே திரும்பி வந்ததா சொல்ல முடியாது. ஆனா வீடியோ இருக்கு.

முதல்ல லெ சில்ஃபீட் முழுசா பாருங்க, அரைமணி நேரம்தான். உடனே இதைப் போடுங்க, நடுவுல எழுந்திருக்காதீங்க. 1913-ல அந்த சபை பார்த்த வரிசை அதுதான். ஹெட்ஃபோன் மாட்டிக்கோங்க. முதல்ல கேட்காத கால் சத்தம், ரெண்டாவதுல முதல் கூட்டம் குதிக்கிறப்ப வயலின்களுக்கு அடில தனியா கேட்கும்.

பார்த்துட்டு எழுதுங்க. இன்னைக்கு சாயங்காலம் வெண்ணாற்றங்கரைப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணோட சலங்கை பூஜை இருக்கு, நான் ராத்திரிதான் வருவேன்.